பல்கலைக்கழக ஆசிரியர் பணியும் மாநாட்டு மரபும்: ஆய்வு, போதனை, ஆக்கம் பற்றிய ஒரு நோக்கு

உயர்கல்வி நிறுவனங்கள் தம் ஆசிரியர்களின் ஆய்வுகளையும் போதனை அனுபவங்களையும் கலை இலக்கிய ஆக்கங்களையும் ஒரே மேடையிலே வெளிக்கொணர்ந்து போற்றும்பொருட்டு மாநாடுகள் நடத்தும் வழக்கம் இன்று பல நாடுகளிலே வேரூன்றியுள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளிலே இது கல்வியாண்டின் நிகழ்வுகளுள் ஒன்றாகவே இடம்பெற்றுவிட்டது. ஒரு துறையைச் சார்ந்த அறிஞர் கூடும் ஆய்வு மாநாட்டினின்றும் இவ்வகை மாநாடு வேறுபட்டது. அங்கே துறை ஒன்று, நிறுவனங்கள் பல. இங்கே நிறுவனம் ஒன்று, துறைகள் பல. இரசாயனவியல் விரிவுரையாளரின் ஆய்வுரையை வரலாற்றாசிரியர் செவிமடுக்கிறார். முதலாண்டு மாணவருக்குக் கணிதம் கற்பித்த முறையை ஒருவர் விளக்குகிறார். இன்னொருவர் தாம் எழுதிய நாடகத்தின் ஒரு காட்சியை வாசிக்கிறார்.

இத்தகைய நிகழ்வை ஒரு பாராட்டு வைபவமாக மட்டும் கொண்டு அமைதல் எளிது. எனினும், சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து இதன் அடித்தளத்திலே மூன்று வினாக்கள் உறைந்து கிடப்பதைக் காணலாம். பல்கலைக்கழக ஆசிரியரின் பணி யாது? அப்பணியின் எக்கூறு அறிவாக்கமாகக் கணிக்கப்படுகிறது? அவ்வறிவாக்கம் யாருடைய உழைப்பினால் விளைகிறது? இவற்றுக்கு விடை காணாது நடத்தப்படும் மாநாடு வெறும் காட்சிப்படுத்தலாகவே முடிந்துவிடும். ஆய்வு, போதனை, ஆக்கம் என்னும் பிரிவு தோன்றிய வரலாற்றையும், அப்பிரிவை இணைக்க எழுந்த கோட்பாடுகளையும் சுருக்கமாக எடுத்துக்கூறி, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அனுபவம் ஒன்றைக் கொண்டு அவற்றை உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரிவினை தோன்றிய வரலாறு

மத்தியகால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் முதன்மையாகக் கற்பிக்கும் நிறுவனங்களாகவே விளங்கின. ஏற்கெனவே உள்ள அறிவைப் பேணிக் கையளித்தலே அவற்றின் கடமையாகக் கருதப்பட்டது. புதிய அறிவைத் தேடுதலும் கற்பித்தலும் ஒரே நிறுவனத்திலே, ஒரே மனிதரிடத்திலே இணைதல் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றமைக்கு 1810ஆம் ஆண்டிலே நிறுவப்பட்ட பேர்லின் பல்கலைக்கழகம் முக்கிய காரணமாயிற்று. அதன் உருவாக்கத்திலே பெரும்பங்கு கொண்ட வில்ஹெல்ம் ஃபொன் ஹம்போல்ற், ஆசிரியர் மாணவருக்காக உள்ளவர் என்ற பழைய கருத்தை மாற்றி, இருவருமே அறிவின் பொருட்டு உள்ளவர்கள் எனக் கொண்டார். அறிவு என்பது முற்றுப்பெற்ற பொருளன்று, இடையறாது தேடப்படுவது. ஆதலின் தேடலில் ஈடுபடுபவரே அதனைக் கற்பிக்கவும் வல்லவர் என்பது இக்கருத்தின் சாரமாகும்.

ஒருமைப்பாட்டைக் குறிக்கோளாகக் கொண்ட இம்மாதிரியே காலப்போக்கிலே பிரிவினைக்கு வழிகோலியமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று. 1876ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகம் ஜேர்மானிய மாதிரியைத் தழுவி ஆரம்பிக்கப்பட்டதன் பின், கலாநிதிப் பட்டமும் ஆய்வுச் சஞ்சிகையும் புலமைத் தொழிலின் அடையாளங்களாயின. இரண்டாம் உலகப் போரின் பின்னர் இப்போக்கு மேலும் விரைவுற்றது. வனேவர் புஷ் 1945ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசுக்குச் சமர்ப்பித்த அறிக்கையைத் தொடர்ந்து 1950ஆம் ஆண்டிலே தேசிய விஞ்ஞான நிறுவகம் அமைக்கப்பட்டது. அரசின் பெருநிதி ஆய்வை நோக்கிப் பாயத் தொடங்கியது. ஆய்வு எண்ணப்படக்கூடியது, அச்சில் வருவது, நிறுவனத்துக்குப் பெயரும் பொருளும் ஈட்டித் தருவது. போதனையோ வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள்ளே நிகழ்ந்து, அங்கேயே மறைந்துபோவது. எனவே ஒன்று உயர்ந்தது, மற்றையது தாழ்ந்தது. நாம் வழங்கும் சொற்களே இதற்குச் சான்று பகர்வன. போதனைச் சுமை என்று கூறுகிறோம். ஆய்வுச் சுமை என்று எவரும் கூறுவதில்லை.

ஆக்கப் பணியின் நிலை இன்னும் வேறானது. கவிதையை ஆராய்பவர் பல்கலைக்கழகத்துக்கு உரியவர், கவிதையை எழுதுபவர் வெளியே உள்ளவர் என்ற எல்லைக்கோடு நெடுங்காலம் நிலவிற்று. அயோவாப் பல்கலைக்கழகம் 1922ஆம் ஆண்டிலே ஆக்க இலக்கியப் படைப்புக்களையும் உயர்பட்டத்துக்குரிய ஆய்வேடாக ஏற்பதாக அறிவித்தமை இவ்வெல்லையை உடைத்த முக்கிய நிகழ்ச்சியாகும். 1936ஆம் ஆண்டிலே அங்கு தோன்றிய எழுத்தாளர் பட்டறை அவ்வழியிலே வந்ததே.

இணைப்புக்கான கோட்பாடுகள்

மேற்கூறிய பிரிவினையினால் விளைந்த குறைகளை விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஏர்ணஸ்ற் போயர் குறிப்பிடத்தக்கவர். போதனை மேம்பாட்டுக்கான கார்னெகி நிறுவகத்தின் தலைவராக இருந்த இவர், 1990ஆம் ஆண்டிலே புலமையை மீள நோக்குவது பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டார். ஆய்வு பெரிதா, போதனை பெரிதா என்ற விவாதத்தை விடுத்து, புலமை என்ற சொல்லின் பொருளையே அகலப்படுத்த வேண்டும் என்பது அவர் துணிபு. புலமையை அவர் நான்காக வகுத்தார். புதியனவற்றைக் கண்டறிதல் ஒன்று, பல துறைச் செய்திகளை இணைத்துப் பொருள் காணுதல் இன்னொன்று, அறிவைச் சமூகத் தேவைகளுக்குப் பிரயோகித்தல் மூன்றாவது, கற்பித்தல் நான்காவது. கற்பித்தல் புலமையின் விநியோகம் மாத்திரமன்று, புலமையின் ஒரு வடிவமே என்பது இதன்வழி நிலைநாட்டப்பட்டது. ஆனால் ஆக்கக் கலைக்கெனத் தனிவகை ஒன்று இந்நான்கினுள் இல்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

போயர் 1995ஆம் ஆண்டிலே காலமானார். அவர் விட்ட பணியை அவருடன் பணிபுரிந்தோர் தொடர்ந்தனர். நால்வகைப் புலமையையும் எவ்வாறு மதிப்பிடுவது என்ற வினாவுக்கு 1997ஆம் ஆண்டிலே வெளிவந்த நூலொன்றில் அவர்கள் ஆறு அளவுகோல்களைத் தந்தனர். தெளிந்த குறிக்கோள், போதிய ஆயத்தம், பொருத்தமான முறை, குறிப்பிடத்தக்க விளைவு, திறம்பட்ட முன்வைப்பு, தன்னாய்வு என்பனவே அவை. இறுதியாகக் கூறப்பட்ட தன்னாய்வு நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. தன் பணியைத் தானே விமர்சன நோக்கிலே பார்க்க இயலாதவரின் பணி எத்துணைப் பெரிதாயினும் புலமையாகாது என்பது அதன் கருத்து.

போயருக்குப் பின் கார்னெகி நிறுவகத்துக்குத் தலைமைதாங்கிய லீ ஷுல்மன் 1993ஆம் ஆண்டிலேயே வேறொரு கோணத்திலிருந்து இப்பிரச்சினையை அணுகியிருந்தார். ஆய்வாளன் தனியாகத் தொடங்கினும் அவன் பணி ஆய்வாளர் சமூகத்தின் நடுவே வாழ்கிறது, வாசிக்கப்படுகிறது, மறுக்கப்படுகிறது, பிறரால் வளர்க்கப்படுகிறது. ஆசிரியனோ வகுப்பறைக் கதவைச் சாத்தியதும் தனிமையாகிவிடுகிறான். போதனை மதிக்கப்படாமைக்குக் காரணம் அது பொதுவுடைமை ஆகாமையே என்றார் அவர். ஆசிரியர் பணியைப் போற்றும் கல்லூரி மாநாட்டுக்குரிய உண்மையான நியாயம் இக்கூற்றிலேதான் அடங்கியுள்ளது. மறைந்து நிகழ்வதைப் பொதுமன்றத்துக்குக் கொணர்தலும், அங்கே அதனை விமர்சனத்துக்கு உட்படுத்துதலுமே அந்நியாயம். விமர்சனத்துக்கு உட்படாத பாராட்டு புலமைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பேராதனை அனுபவம்

இக்கோட்பாடுகள் எழுத்துருப் பெறுவதற்குப் பல தசாப்தங்களுக்கு முன்னரே, இவற்றின் சாரம் எமது நாட்டுப் பல்கலைக்கழகமொன்றிலே நடைமுறையாக இருந்தது. 1942ஆம் ஆண்டிலே கொழும்பில் நிறுவப்பட்டு, 1952ஆம் ஆண்டு முதல் பேராதனையில் இயங்கத் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் மொழித்துறைகளையே இங்குக் கருதுகிறோம்.

1943ஆம் ஆண்டிலே அப்பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகப் பதவியேற்ற சுவாமி விபுலானந்தர், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச்சங்கப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். 1947ஆம் ஆண்டிலே, தம் மறைவுக்குச் சற்று முன்னர் அவர் அரங்கேற்றிய 'யாழ் நூல்' வழக்கொழிந்த இசைக்கருவியைப் பற்றிய இலக்கிய ஆய்வாக அமைந்ததோடு, கணித முறையினால் அதன் சுருதிகளை மீட்டுருவாக்கும் முயற்சியாகவும் அமைந்தது. ஆய்வு எங்கே முடிகிறது, ஆக்கம் எங்கே தொடங்குகிறது என்று இந்நூலிலே கோடிட்டுக் காட்டுதல் அரிது.

அவருக்குப் பின் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய க. கணபதிப்பிள்ளை சாசனத் தமிழை ஆராய்ந்து இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்ற மொழியியலாளர். அவரே 1940ஆம் ஆண்டில் வெளியான 'நானாடகம்' முதலிய தொகுப்புக்களிலே யாழ்ப்பாணப் பேச்சுமொழியைக் கையாண்டு நாடகங்கள் எழுதினார். பேச்சுமொழி இழிசனர் வழக்கு எனப் பண்டிதர் பலர் கருதிய காலம் அது. மொழியியலாளரின் செவி நாடகாசிரியரின் பேனாவுக்கு உதவியது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மாணவர் அந்நாடகங்களை நடித்தபோது, வழக்குமொழியும் ஆய்வுக்கும் கலைக்கும் உரியது என்ற பாடத்தை அவர்கள் மேடையிலே கற்றனர்.

சிங்களத் துறையிலும் இதனையொத்த இயக்கமொன்று நிகழ்ந்தது. எதிரிவீர சரச்சந்திர சிங்கள நாட்டார் நாடகங்களை ஆராய்ந்து 1950களின் தொடக்கத்திலே நூல் எழுதினார். அவ்வாய்வின் வழியே 1956ஆம் ஆண்டிலே 'மனமே' நாடகத்தைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். அந்நாடகத்துக்கு அடிப்படையாக அமைந்த 'நாடகம' என்னும் வடிவம் தமிழ்க் கூத்து மரபோடு நெருங்கிய உறவுடையது என்பது பலரும் அறிந்ததே.

இச்சூழலிலேதான் சு. வித்தியானந்தனின் பணி முனைப்புப் பெற்றது. 1954ஆம் ஆண்டிலே 'தமிழர் சால்பு' என்னும் ஆய்வு நூலை வெளியிட்ட அவர், நாட்டுக்கூத்து ஏட்டுப் பிரதிகளைத் தேடிப் பதிப்பித்தார். மட்டக்களப்பிலே இரவு முழுவதும் வட்டக்களரியில் ஆடப்பட்டுவந்த கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்கு அமைவாக்கி, 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', அதன்பின் 'இராவணேசன்', 'வாலி வதை' ஆகியவற்றை மாணவரைக் கொண்டு தயாரித்தளித்தார். இத்தயாரிப்புக்களிலே ஆடிய மாணவர்களுள் ஒருவரான சி. மௌனகுரு, பின்னர் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்கள் பற்றி ஆராய்ந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே கலாநிதிப் பட்டம் பெற்றார். கூத்து வடிவத்தைச் சாதிக் கொடுமைக்கு எதிரான கருத்தை உரைக்கும் 'சங்காரம்' நாடகத்துக்குப் பயன்படுத்தினார். நாடகமும் அரங்கியலும் பல்கலைக்கழகப் பாடநெறியாக வளர்வதற்கும் உழைத்தார்.

இத்தொடர்ச்சியைக் கூர்ந்து நோக்குவோமாயின் ஓர் உண்மை புலப்படும். களஆய்வு தயாரிப்புக்கு வழிவகுத்தது. தயாரிப்பே மாணவருக்குப் போதனையாயிற்று. அப்போதனை புதிய ஆய்வாளரை உருவாக்கிற்று. அவ்வாய்வு மீண்டும் புதிய ஆக்கத்துக்கு ஊற்றாயிற்று. மூன்று பணிகள் அருகருகே நிகழ்ந்தன என்பதைவிட, ஒரே இயக்கத்தின் மூன்று கட்டங்களாக அவை அமைந்தன என்பதே பொருந்தும்.

யாருடைய பணி?

பேராதனை அனுபவத்தை இலட்சியமாக்கிப் போற்றுவதோடு நின்றுவிடின் நாமும் வெறும் பாராட்டிலேயே அமைந்தவராவோம். அவ்வனுபவம் தன்னுள் எழுப்பும் வினாக்களையும் எதிர்கொள்ள வேண்டும்.

வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் போன்ற கூத்தாசான்களின் பயிற்சியின்றிப் பேராதனை மேடையிலே மாணவர் ஆடியிருக்க முடியாது. சரச்சந்திரவுக்குச் சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயின் துணை இன்றியமையாததாயிற்று. இவர்கள் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர் அல்லர். ஆசிரியர் குழாத்தைச் சார்ந்தவரும் அல்லர். எனினும் தாளக்கட்டும் ஆட்டமுறையும் பாடல் மெட்டும் ஏட்டிலன்றி அவர்தம் உடலிலும் நினைவிலுமே வாழ்ந்தன. ஆசிரியரின் புலமையைப் போற்றும் மாநாடொன்று இத்தகையோரை நன்றியுரையின் இறுதி வரிக்கு ஒதுக்கிவிடுமாயின், கூட்டுழைப்பினால் விளைந்த அறிவு தனியொருவரின் சாதனைப் பட்டியலாகக் குறுகிவிடும். கிராமத்து உழைப்பாளரின் அறிவு பல்கலைக்கழகத்தை அடையும்போது அவர் பெயரை இழந்து வருமாயின், அதனை அறிவுப் பரிமாற்றம் என்று கூறலாமா?

கூத்து மேடைக்கு வந்தபோது அது இழந்தவற்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். வட்டக்களரியைச் சூழ்ந்திருந்த மக்கள், ஆடுவோருக்கும் காண்போருக்கும் இடையே நிலவிய நெருக்கம், இரவு முழுவதும் விரியும் சடங்குத் தன்மை என்பன ஒன்றரை மணிநேர நிகழ்ச்சியிலே அமைய இயலாதவை. மறுபுறத்தில், கிராமத்துக் கூத்து சாதி வழமைகளோடு பின்னிப்பிணைந்திருந்தமையால், பல ஊர்களையும் சமூகங்களையும் சேர்ந்த மாணவரும் மாணவியரும் சேர்ந்து ஆடிய பல்கலைக்கழக மேடை அவ்வழமைகளுக்கு வெளியே நின்றது. இழப்பும் ஆதாயமும் கலந்த இம்மாற்றம் பற்றி நாடக அறிஞரிடையே பிற்காலத்திலே எழுந்த விவாதங்கள் அப்பணியின் பெருமையைக் குறைக்கவில்லை. அவையே அதனை ஆய்வுப்பொருளாக நிலைநிறுத்தின.

மொழியும் மதிப்பீடும்

எமது நாட்டின் உயர்கல்விக்கே உரிய பிறிதொரு பிரச்சினையும் உண்டு. 1960ஆம் ஆண்டளவிலே கலைத்துறைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, பொருளியல், புவியியல், வரலாறு முதலிய துறைகளின் ஆசிரியர்கள் மாணவருக்கெனக் கலைச்சொற்களை ஆக்கவும் நூல்களைத் தமிழிலே எழுதவும் வேண்டியவராயினர். அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் ஓரளவு உதவினவாயினும், ஒரு கருத்தைத் தமிழிலே முதன்முதலாக விளங்க வைக்கும் பொறுப்பு வகுப்பறையில் நின்றவரையே சார்ந்தது. நல்ல கலைச்சொல் ஒன்றைக் கண்டவர் அக்கருத்தை ஆழமாக ஆராய்ந்தவராகவே இருத்தல் வேண்டும். போயர் கூறிய இணைத்துக் காணும் புலமைக்கும் கற்பித்தற் புலமைக்கும் இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது. ஆயினும், சர்வதேசச் சஞ்சிகைகளில் ஆங்கிலத்தில் வெளிவரும் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு இவ்வுழைப்புக்குக் கிடைப்பதில்லை.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வகுத்த பேராசிரியர் பதவியுயர்வுத் திட்டத்திலே போதனைப் பங்களிப்பு, ஆய்வும் ஆக்கமும், அறிவைப் பரப்பலும் சமூகப் பங்களிப்பும் எனப் பிரிவுகள் இடம்பெற்றமை வரவேற்கத்தக்கதே. ஆனால், பிரிவுகள் உளவாதலும் அவற்றின்கீழ் அமையும் பணி உரியவாறு மதிப்பிடப்படுதலும் ஒன்றாகா. கட்டுரைகளை எண்ணுதல் எளிது. ஒரு கூத்துத் தயாரிப்பை, ஒரு பாடநெறியின் மாற்றத்தை, ஒரு கலைச்சொற் பட்டியலை மதிப்பிடுவதற்கு அவற்றைப் பார்த்து, கேட்டு, விவாதிக்கும் ஒரு சபை வேண்டும். அச்சபையாகத் தொழிற்படக்கூடியதே நாம் கூறும் மாநாடு.

மாநாடு எவ்வாறு அமைதல் வேண்டும்?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிபுகளுக்கு வரலாம். முதலாவதாக, ஆய்வு, போதனை, ஆக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனி அமர்வுகளை வகுத்து, ஆய்வைப் பிரதான மண்டபத்திலும் ஏனையவற்றைப் பக்க அறைகளிலும் அமைக்கும் முறை கைவிடப்பட வேண்டும். ஒரு பொருளைப் பற்றிய ஆய்வும் அதனைக் கற்பித்த அனுபவமும் அதிலிருந்து பிறந்த ஆக்கமும் ஒரே அமர்விலே சந்தித்தல் நன்று.

இரண்டாவதாக, விளைவுகளோடு செயன்முறையும் முன்வைக்கப்பட வேண்டும். போதனை பற்றிப் பேசுபவர் வினாத்தாளையும் மாணவர் எழுதிய விடைகளின் போக்கையும் பாடத்திட்டத்திலே தாம் செய்த மாற்றத்தையும் சான்றாகக் காட்டுதல் வேண்டும். ஆக்கத்தை அளிப்பவர் அதன் பிரதியை முன்கூட்டியே வழங்கி, பிற துறையினரின் விமர்சனத்துக்கு இடமளித்தல் வேண்டும்.

மூன்றாவதாக, மாணவரும், பல்கலைக்கழகத்துக்கு வெளியேயுள்ள கலைஞர், விவசாயி, தொழிலாளி, பாடசாலை ஆசிரியர் ஆகியோரும் பணியில் பங்குகொண்டவராயின் மேடையிலும் பங்குகொள்ளல் வேண்டும். ஒரு விரிவுரையின் தரத்தை மாணவரை விட நன்கறிந்தவர் வேறு எவர்? நான்காவதாக, எம்மொழியிலே கற்பிக்கின்றோமோ அம்மொழியிலே பேசப்படும் உரைகளுக்கு மாநாட்டிலே சம இடம் அளிக்கப்பட வேண்டும்.

இவை பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. ஆசிரியர்கள் தம் பணியைத் தனியுடைமையாகக் கருதும் மனப்பான்மை மாறுதலையே வேண்டுவன. நாட்டு மக்களின் வரிப்பணத்திலே இலவசக் கல்வி வழங்கும் பல்கலைக்கழகமொன்றிலே அறிவு யாருக்கு உரியது என்ற வினாவுக்கு விடை ஒன்றே. அவ்விடையை ஏற்று, தன் ஆசிரியரின் பணியை மக்கள் முன் வைத்து, அவர்தம் கேள்விகளுக்கு முகங்கொடுக்கத் துணியும் கல்லூரியே தன் ஆசிரியரை உண்மையிற் போற்றும் கல்லூரியாகும்.